நெடுங்காட்டை மறைத்த பொட்டு

மேலிருந்து பார்க்கும் வேலையை இப்போது நிரந்தரமாக ஏற்றுக்கொண்டுவிட்ட என் அருமை மைத்துனன் கலியபெருமாளுக்கு,

இன்று உனக்கு முதல் வருஷ நினைவு நாள். காலையில் உன் அக்கா கமலா உன் படத்தைத் துடைத்து நாற்காலியில் வைத்தாள். சந்தனம் அரைத்தாள். குங்குமச் சிமிழைத் திறந்து என் பக்கம் நீட்டி, "பொட்டு வைங்க" என்றாள். நான் சந்தனத்தில் விரலைத் தொட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை.

"என்னங்க, வைக்கலையா?"

ஒரு கடிதம் எழுத வேண்டும், ஒரு மணி நேரம் கொடு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். "இன்னிக்குன்னு பாத்து யாருக்குக் கடுதாசி?" என்று அவள் கேட்டாள். உனக்குத்தான் என்று சொல்லியிருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள்.

பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். நெடுங்காட்டிலிருந்து உன் அப்பா வருகிறார். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன்பிடிக்கிற அஞ்சப்பன் வருவான். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். எழுதியதை ஒருவருக்குப் படித்தும் காட்ட வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது உனக்குத் தெரியும். படத்தைத் துடைக்கும்போதுகூட அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அன்னிக்குக் காலையிலேயே கண்ணைத் தொறந்து ஒழுங்காப் பாத்திருந்தா இவனுக்கு இந்த கதி வந்திருக்குமா? அசட்டுப் பய."

ஐந்து வருஷமாக அவள் இதைச் சொல்கிறாள். ஐந்து வருஷமாக நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். செத்துப்போனவன் மேல் ஒரு பழி இருந்தால் அவன் மறுக்கமாட்டான் என்பது எவ்வளவு வசதி, பார்த்தாயா?

இந்தக் கடிதம் அச்சில் வரப்போகிறது. நம்மை அறியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் காரைக்காலில் ஒரு சிறிய வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நான் எழுத்தர். நீ காற்றையும் மழையையும் அளந்து குறிப்பவன். புதிதாக வந்திருந்த படக்கருவியும் உன் பொறுப்பு. செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே கடந்து போகிற சில நிமிடங்களில், தான் பார்ப்பதையெல்லாம் ஒரு கீச்சுக் குரலில் பாடிக்கொண்டே போகும். கருவி அந்தப் பாட்டைப் பிடித்து, உருளையில் சுற்றிய ஈரக் காகிதத்தில் கோடு கோடாகப் படமாக்கும். காலை ஏழரை வாக்கில் ஒரு தடவை, பிற்பகல் இரண்டரை வாக்கில் ஒரு தடவை.

கருவியை அனுப்பியவர்கள் புயலைப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். புயல் வருஷத்துக்கு ஓரிரு முறைதான் வரும். மற்ற நாட்களில் நீ படத்தில் வேறொன்றைத் தேட ஆரம்பித்தாய். கடலின் கறுப்பின் மேல் ஈரத்துணியால் இழுத்த மாதிரி ஒரு மங்கல் தெரிந்தால் உனக்கு அன்று சோறு இறங்காது. அது மேகமா, புகையா, தூசியா? மேகத்துக்கு ஓரம் உண்டு, புகைக்கு வேர் உண்டு, தூசிக்கு இரண்டும் இல்லை என்று எனக்கு ஒரு நாள் விளக்கினாய். கடைசியாகச் சொன்னது தவறு என்று பின்னால் நீயே எழுதினாய்.

அந்த வருஷம் ஆடி பிறந்தும் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. நெடுங்காட்டு வயல்கள் பொடியாகக் கிடந்தன. மேற்கேயிருந்து மேல்காற்று அடித்தால் ஊரே பறந்தது. ஒரு நாள் படத்தைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாய்.

"அத்தான், இங்க பாருங்க. இந்த வெளுப்பு எங்கப்பாவோட நாலு மா நிலம். பட்டா, பாஸ்போர்ட் ஒண்ணும் இல்லாம சிலோனுக்குப் போய்க்கிட்டிருக்கு."

"போனா போகட்டும். திரும்பி வரச்சே மண்ணோட மழையையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு" என்றேன்.

இனி அந்தப் பொட்டு. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து படத்தைப் பார்த்தார். "இதுல காரைக்கால் எங்கே?" என்றார். யாராலும் காட்ட முடியவில்லை. படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் நாலு கிலோமீட்டர். நம் கொடி பறக்கிற மொத்த பூமியும் அப்படிப் பத்துப் புள்ளிகள்தான். நாலு பக்கமும் அடுத்த மாநிலமும் கடலும் சூழ்ந்த ஊர் நம்முடையது. படத்தில்கூட இல்லை என்றால் அதிகாரியின் மனம் தாங்குமா? அன்று முதல் எந்தப் படமும் மேலதிகாரியின் மேசைக்குப் போகும் முன் காரைக்கால் இருக்கும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு அடையாளம் வைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. ஆணைக்குக் கோப்பு எண் இருந்தது. வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

பென்சிலின் பின்பக்கத்தை மையில் தோய்த்து நான் வைப்பேன். "ஊருக்குப் பொட்டு வச்சாச்சா?" என்று எல்லோரும் கேட்பார்கள். நீ மட்டும் முணுமுணுப்பாய்.

"அத்தான், ஊரை விடப் பொட்டு பெரிசா இருக்கு. நெடுங்காடு, கோட்டுச்சேரி எல்லாம் அடியில மாட்டிக்கிட்டு மூச்சு விட முடியாம தவிக்குது. கொஞ்சம் சின்னதா வைங்களேன்."

"சின்னதா வச்சா அவருக்குக் கண்ணு தெரியாதுடா. உனக்கென்ன, புள்ளி விழுந்தது தமிழ்நாட்டுக்காரன் வயலா இருந்தாதான் தப்பு."

இப்படித்தான் பேசுவோம். சிரிப்போம். எச்சரிக்கை என்பது சிரித்துக்கொண்டே சொல்லப்பட்டால் அதை எந்தக் கோப்பில் வைப்பது?

அந்த நாளுக்கு வருகிறேன். விடிவதற்கு முன் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஆறு கட்டுமரங்கள் கடலுக்குப் போயிருந்தன. பதினெட்டுப் பேர். வானம் வெளுக்கும்போதே காற்றில் கருகல் வாசனை. ஏழு மணிக்கு ஊரெல்லாம் சாம்பல் நிறம். சூரியன் ஒரு செல்லாக் காசு மாதிரி தெரிந்து, பிறகு அதுவும் இல்லை. மேற்கேயிருந்து வருகிறது என்பது மட்டும் தெரிந்தது. எவ்வளவு தூரத்து மேற்கு என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஏழரைக்குப் படம் வந்தது. நீ உருளையிலிருந்து காகிதத்தை உரித்து என் மேசையில் விரித்தாய். "காயட்டும் அத்தான். நான் இன்னும் சரியா பாக்கல. காத்து அளவை எழுதிட்டு ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாய்.

எனக்கு அன்று காலை ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை முடித்துத் தபாலில் சேர்க்க வேண்டியிருந்தது. பொருள், அரசு ஊழியர்களின் பொறுப்பின்மை. மேலதிகாரி உள்ளேயிருந்து "படம் எங்கய்யா?" என்று கூப்பிட்டார். நான் பென்சிலை மையில் தோய்த்து வைத்தேன். காகிதம் ஈரம். மை பரவியது. என் கண்ணெதிரே பரவி, மொச்சைக்கொட்டை அளவுக்கு ஆகி நின்றது.

நீ இறங்கி வந்து பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒற்றுத்தாளை எடுத்து மையின் மேல் மெதுவாக அழுத்தினாய். காகிதத்தின் தோல்தான் உரிந்து வந்தது. பொட்டுக்கு மேற்கே வெள்ளையாக ஒரு இழை. கிழக்கே, கடலின் மேல், சாம்பலாக ஒரு இழை. நடுவே என் பொட்டு.

"அத்தான், இதுக்கு அடியில என்னமோ இருக்கு."

"அடியில காரைக்கால் இருக்கு" என்றேன்.

கலியா, நான் எத்தனையோ பேரை எழுத்தில் கிண்டல் செய்திருக்கிறேன். அவர்கள் யார் வாயிலும் இதைவிட முட்டாள்தனமான ஒரு வாக்கியத்தை நான் வைத்ததில்லை.

மேலதிகாரி படத்தைப் பார்த்தார். இரண்டு இழையும் ஒன்றே என்று முடிவு செய்தார். அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, யார் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். "நீளமா மேற்கேர்ந்து வருது. தஞ்சாவூர் தாண்டி எங்கேயோ. நம்ம புகை இல்ல. அகலமாத்தான் இருக்கும், ரெண்டு நாள் நிக்கும். அந்தப் பக்கத்து கலெக்டருக்கு ஒரு கடிதம் தயார் பண்ணுங்க" என்றார். பிறகு அது புகையா தூசியா என்று ஒரு விவாதம். நம் குறியீட்டுப் புத்தகத்தில் புகைக்கு ஒரு எண், தூசிக்கு ஒரு எண். இரண்டும் கலந்து வந்தால் எந்த எண் என்று அதற்கு முக்கால் மணி நேரம் போனது. காற்று தன் பாட்டுக்கு இரண்டையும் கலந்துகொண்டிருந்தது.

வழக்கமாகப் பதினொரு மணிக்குள் கட்டுமரங்கள் கரைக்கு வந்துவிடும். பதினொன்று ஆயிற்று. வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு அஞ்சப்பனின் மனைவி பாக்கியமும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து நடந்தே நம் அலுவலக வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் மேல்காற்று ஓய்ந்தது. கடல்காற்றும் எழவில்லை. காற்று அடித்தாலாவது எதிரே கரை என்று கடலில் இருப்பவனுக்குத் தெரியும். காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, கலங்கரை விளக்கமும் கண்ணில் படவில்லை என்றால் எந்தப் பக்கம் துடுப்பு போடுவது? நீரோட்டம் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு மரத்துக்கு ஒரு பானைத் தண்ணீர்தான்.

பாக்கியம் மேலதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்: "ஏஞ் சாரு, ஆகாசத்துலேர்ந்து படம் புடிக்கிறீங்களாமே. எங்க வூட்டு ஆம்புளைங்க எங்கெ இருக்காங்கன்னு அதுல தெரியாதா?"

"ஆளெல்லாம் தெரியாதும்மா. மேகம்தான் தெரியும்."

"மேகம் எங்களுக்கே தெரியுதே, அண்ணாந்து பாத்தா. அதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய பொட்டி?"

அவர் உள்ளே போய்விட்டார். நீ வாசலிலேயே நின்றாய். "ரெண்டரைக்கு இன்னொரு படம் வரும்க்கா. அதைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாய். அவள் உன் முகத்தையே பார்த்தாள். "ரெண்டரை வரைக்கும் கடலு காத்துக்கிட்டு இருக்குமா, தம்பி?" என்றாள்.

அந்த இரண்டரை மணி நேரம் எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதே. பெண்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் அழவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நான் அந்தப் பக்கத்து கலெக்டருக்குப் போகும் கடிதத்தை மூன்று படி தட்டச்சு செய்தேன். மேற்படி புகையைத் தங்கள் எல்லைக்குள்ளேயே நிறுத்தி வைக்குமாறு, கிட்டத்தட்ட அந்த அர்த்தத்தில்.

இரண்டரைக்குக் கருவி கீச்சிட ஆரம்பித்ததும் நீ என் பக்கம் திரும்பினாய். குரலை உயர்த்தவில்லை.

"அத்தான், மை பாட்டிலை மூடுங்க."

மூடினேன். மூடியைத் திருகிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிற்பகல் படம் தெற்கிலிருந்து வடக்காக வரும். முதலில் சிலோன் வந்தது. ஒரு கோடு, அதன் மேல் ஒரு கோடு. பிறகு கோடிக்கரை மூக்கு. நீ காகிதத்தின் மேல் குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாய். நாகப்பட்டினம் வந்திருக்க வேண்டிய இடம். கடலில் சாம்பல் இழையின் தெற்கு ஓரம் வந்தது. இன்னொரு கோடு. இன்னும் ஒன்று. அவ்வளவுதான், இழை முடிந்துவிட்டது. அதற்கு வடக்கே கடல் மறுபடியும் கறுப்பு, துடைத்து வைத்த கறுப்பு.

"ஈர்க்குச்சி அத்தான். வெறும் ஈர்க்குச்சி" என்றாய். உன் விரல் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனது. கடலோரம் தாண்டி, கொஞ்சம் உள்ளே போய், நின்றுவிட்டது. அங்கே ஊசி முனை மாதிரி அது தொடங்கியது. அதற்கு மேற்கே ஒன்றுமில்லை. வெகு தூரம் தள்ளித்தான் அந்த வெள்ளை இழை, சாதாரண மேகம். இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி அவ்வளவு சுத்தமாக இருந்தது. காலையில் நான் மையை ஊற்றியது அந்த இடைவெளியில்.

"நெடுங்காடு" என்றாய். "வாய்க்காலைக் கொளுத்தறாங்க."

தண்ணீர் வருவதற்கு முன் காய்ந்த வாய்க்காலில் மண்டியிருக்கும் நாணலையும் கோரையையும் கொளுத்துவது நம் ஊர் வழக்கம். நீ போனை எடுத்து நெடுங்காடு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசைக் கூப்பிட்டாய். ஆமாம், நாலு நாளில் தண்ணீர் வரும் என்று தண்டோரா போட்டார்கள், அதனால் எல்லா வாய்க்காலிலும் ஒரே நாளில் நெருப்பு வைத்துவிட்டார்கள், காற்றில் கரைப் புதரெல்லாம் பிடித்துக்கொண்டது என்றார்கள். முதலில் வைத்தது யார் என்று கேட்டாய். பதிலைக் கேட்டுவிட்டு போனை வைத்தாய்.

"யாராம்?"

"எங்கப்பா."

சிரிக்க எனக்குத் துணிவில்லை. நீதான் சிரித்தாய், ஒரு நொடி. பிறகு மேலதிகாரியின் அறைக்குப் போய், புகை இரண்டு புள்ளி அகலம்தான், கோட்டுச்சேரிமேட்டுக்கு வடக்கே கடல் தெளிவாக இருக்கிறது, மரங்கள் அந்தப் பக்கம் திரும்பினால் போதும் என்றாய். அவர் கடிதம் போய்விட்டதே என்றார். எல்லை தாண்டி வந்த புகை என்று கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றார். நீ சைக்கிளை எடுத்தாய். பாக்கியத்தைப் பின்னால் உட்காரச் சொன்னாய்.

கால் மணி நேரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டார். "போய் உங்க மச்சினனைக் கூட்டிக்கிட்டு வாங்க. அஞ்சரை மணி அளவு எடுக்கணும். ஆள் இல்லேன்னா நான் எழுத்துல கேப்பேன்." நான் இன்னொரு சைக்கிளில் வந்தேன். உன்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். இதையும் நீ தெரிந்துகொள்.

நான் வந்து சேர்ந்தபோது நீ மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்ப் பெரியவர்களோடு வாதாடிக்கொண்டிருந்தாய். ஆடித் திருவிழாவுக்கு வாங்கி வைத்த அதிர்வேட்டுகளைக் கேட்டாய். அம்மனுக்கு வைப்பதற்கு முன் எப்படிக் கொடுப்பது என்றார்கள்.

"அம்மனுக்குக் காது நல்லாக் கேக்கும்ங்க. இப்ப கேக்க வேண்டியவங்க கடல்ல இருக்காங்க" என்றாய்.

பாக்கியம் அதற்குள் உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பன்னிரண்டு வேட்டு இருந்தது. ஊருக்கு வடக்கே, புகையின் ஓரம் முடிந்து வானம் தெரிந்த இடத்தில், மணலில் குழி தோண்டி முதல் வேட்டைப் போட்டார்கள். என் சைக்கிள் தானாகவே விழுந்தது. தெற்கே கடலின் மேல் புகை ஒரு சுவர் மாதிரி நின்றது. சத்தம் அதற்குள் போய் மறைந்தது. பதில் இல்லை.

ஏழாவது வேட்டுக்கு முதல் மரம் வந்தது. புகையிலிருந்து ஒரு மூக்கு, பிறகு ஒரு ஆள், பிறகு மூன்று பேர். அடுத்தடுத்து இன்னும் நான்கு மரங்கள். ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பதினைந்து பேர். அஞ்சப்பனின் மரம் வரவில்லை. மணி ஐந்து ஆகிவிட்டது. பெட்டியில் இரண்டு வேட்டுதான் பாக்கி.

"ஒண்ணு இப்ப. கடைசியைக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்க" என்றாய். என் பக்கம் திரும்பி, "அத்தான், நீங்க என்னைக் கூட்டிட்டுப் போக வந்தீங்கதானே?" என்றாய்.

"ஆமா."

"இதை முடிச்சுட்டுப் போலாமா?"

பதினோராவது வேட்டுக்குப் பதில் இல்லை. பாக்கியம் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்றாள். அவளைப் பிடித்துக்கொள்ளப் போனவர்களையும் தள்ளிவிட்டாள். கடைசி வேட்டைப் போட்டார்கள். சத்தம் போய்த் தேய்ந்தது. பிறகு எங்கேயோ, வெகு மெல்ல, அலுமினியப் பானையைத் துடுப்பால் தட்டுகிற சத்தம். டக், டக், டக். அதைக் கேட்டதும் பாக்கியம் திட்ட ஆரம்பித்தாள். "பொணத்துக்குப் பொறந்தவனே, காது செவுடா ஒனக்கு? பன்னெண்டு வேட்டு போட்டாத்தான் வருவியா?" அன்று நான் கேட்டதில் இனிமையான சொல் அதுதான்.

பதினெட்டுப் பேரும் உயிரோடு வந்துவிட்டதால் விசாரிப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் போயிற்று. எனவே வேட்டை விசாரித்தார்கள். அனுமதியின்றி அலுவலகத்தை விட்டுப் போனது, அனுமதியின்றி வேறொரு துறைக்குத் தொலைபேசியில் பேசியது, பொது இடத்தில் வெடி வெடிக்கத் தூண்டியது, ஐந்தரை மணி அளவீட்டைத் தவறவிட்டது என்று ஒரு குறிப்பாணை வந்தது. அதைத் தட்டச்சு செய்தவன் நான். கடைசியில் ஒரு வரி: காலைப் படத்திலேயே புகையின் தொடக்கத்தைக் கண்டறிந்து தெரிவிக்கத் தவறியது. மற்றதெல்லாம் அற்பம். உன்னைக் கவிழ்த்தது அந்த வரி.

விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர். காலைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டையும் பார்த்தார். அதற்கு ஆணை இருந்தது, ஆணைக்குக் கோப்பு எண் இருந்தது, அதனால் அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"படம் கருவியிலிருந்து தெளிவாக வந்ததா?"

"தெளிவாக வந்தது" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் என் சாமர்த்தியம். மை பரவியதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. உன்னைக் கேட்டார்: "பிறகு ஏன் நீங்கள் காலையிலேயே சொல்லவில்லை?" நீ என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "நான் சரியா கவனிக்கலீங்க."

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டாய். "அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிக்காதீங்க அத்தான். உங்க மேல அவளுக்குக் கோவம் வந்தா அப்புறம் எனக்குத் தலத்தெரு வீட்டுல சோறு கிடைக்காது." அதை நீ கேலியாகச் சொன்னாயா, உண்மையாகவே சொன்னாயா? அது மன்னிப்பா, அல்லது என்னால் தாங்க முடியாது என்று தெரிந்து நீ எனக்குச் செய்த தர்மமா? அன்றே கேட்டிருக்க வேண்டும். நான் காபி குடிக்கலாமா என்று கேட்டேன்.

புகையைக் கண்டுபிடித்தவனைத் தூசிக்கு அனுப்பினார்கள். வடக்கே, ஒட்டகம் நடக்கிற ஊர். உனக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார் ஒட்டக ஊருக்குப் பெண் கொடுக்கமாட்டோம் என்று பின்வாங்கினார்கள். அங்கேயும் படக்கருவி இருந்தது. உன் முதல் கடிதம் என்னிடம் இருக்கிறது: "அத்தான், தூசிக்கும் வேர் உண்டு, இங்கே வந்துதான் கண்டேன். காலைப் படத்தில் பாலைவனத்தில் ஒரு நகக்கீறல் மாதிரி தெரிகிறது. மாலைக்குள் அது என் மூக்கில் இருக்கிறது. இங்கே ஊருக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லை. அக்காவிடம் நான் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்லவும்." அடுத்தடுத்த கடிதங்களில் இருமலைப் பற்றி ஒரு வரி, பிறகு இரண்டு வரி. நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது மாடிப்படி ஏற முடியவில்லை உன்னால். டாக்டர் நுரையீரல் என்றார். தூசியா என்று கேட்டேன். "தூசியும்தான்" என்றார். அந்த 'உம்' எனக்குள் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். அலுவலகத்தில் இப்போது திரை வந்துவிட்டது. கலரில் தெரிகிறது. ஊரின் அடையாளத்தை இயந்திரமே போட்டுவிடுகிறது, நூல் போல மெல்லிசாக. மை பாட்டில் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். நெடுங்காட்டில் இப்போதும் கொளுத்துகிறார்கள், ஆனால் உன் அப்பா கொளுத்துவதற்கு முதல் நாள் சைக்கிளில் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகப் போகிறார். அஞ்சப்பன் உன்னைப் 'படக்காரத் தம்பி' என்றுதான் சொல்கிறான். ஒவ்வொரு ஆடியிலும் அம்மனுக்குப் பன்னிரண்டு வேட்டு போட்ட பிறகு, பதின்மூன்றாவதாக ஒன்று போடுகிறார்கள். அது யாருக்கு என்று கோயில் நோட்டீசில் அச்சடிப்பதில்லை.

எல்லோருக்கும் ஏதோ ஒரு வழி கிடைத்திருக்கிறது, பார். என்னிடம் மட்டும் அந்தக் காலைப் படம் இருக்கிறது. பழைய கோப்புகளை எரித்தபோது அதை எடுத்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அலமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. காகிதம் டீ நிறத்துக்கு மாறிவிட்டது. கடல், மேகம், புகை எல்லாம் மங்கிவிட்டன. அந்தச் சிவப்பு மட்டும் நேற்று வைத்தது மாதிரி இருக்கிறது.

கமலா கதவைத் தட்டுகிறாள். "சந்தனம் காயுதுங்க. வர்றீங்களா இல்லையா? அப்பாவும் அஞ்சப்பனும் வந்துட்டாங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கலியா, உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இதுதான். நாற்காலிக்கு முன்னால் நின்று, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து உன் அக்காவுக்குப் படிப்பேன். நடுவில் எந்த வரியையும் தாண்டமாட்டேன். உன் அப்பாவும் அஞ்சப்பனும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். முடித்ததும் அந்தப் படத்தை அவள் கையில் கொடுப்பேன். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. அழுவாளா, என்னைப் பார்க்கவே மறுப்பாளா, தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகத்தான் ஐந்து வருஷம் உன்னை அசட்டுப் பயலாக இருக்க விட்டேன். அதன் பிறகும் அவள் சிமிழை என்னிடம் நீட்டினால் வாங்கிக்கொள்வேன். நீட்டாவிட்டால் அவளே வைக்கட்டும். யார் வைத்தாலும் சின்னதாக இருக்கும், உன் முகம் முழுவதும் தெரியும். அதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கதவைத் திறக்கிறேன்.

நீ சொன்ன பிறகும் காகிதம் காயும் வரை காத்திருக்காத
உன் அத்தான்,
தலத்தெரு, காரைக்கால்.